அலுமாரியில் இருமிய வானொலி

என் அக்காவின் வானொலிப் பெட்டியை நான் ஏழு மாதம் திருடி வைத்திருந்தேன். எடுத்தது அவளுடைய தலைமாட்டிலிருந்து. ஒளித்தது நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரின் வரைபட அலுமாரியில், கீழ்த்தட்டில், லக்கல பக்கத்துக் குளங்களின் பழைய படச்சுருள்களுக்குப் பின்னால். அந்தச் சுருள்களைக் கேட்டு யாரும் வந்ததில்லை. அந்தக் குளங்களுக்குப் போகிறவை பெரும்பாலும் யானைகள். அவற்றுக்குப் படம் தேவைப்படுவதில்லை. அக்கா கேட்கும்போதெல்லாம் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். ஒரு மாதம் கொழும்பிலிருந்து ஏதோ சாமான் வரவேண்டியிருந்தது. அடுத்த மாதம் ரிப்பேர்காரருக்கு மஞ்சள் காமாலை. அதற்கடுத்த மாதம் அவருடைய மாமனார் காலமானார். இல்லாத ஒரு மனிதருக்கு நான் இவ்வளவு கஷ்டம் கொடுத்திருக்கக் கூடாது. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. எங்கள் ஊரான இரத்தோட்டையில் எனக்குப் படித்தவன் என்று பெயர். பேய் பிசாசு, சகுனம், ஜாதகம் எதையும் நம்பாதவன் என்றும் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் பரப்பியதும் நான்தான்.

எங்கள் அப்பா வடக்கிலிருந்து அரசாங்க வேலைக்காக மாத்தளைக்கு வந்தவர். அவர் கொண்டுவந்த தமிழைப் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலேயே தொலைத்துவிட்டோம். வடக்கே போய் வாயைத் திறந்தால் மலைநாட்டான், இங்கே பரம்பரையைச் சொன்னால் யாழ்ப்பாணத்தான் என்று இரண்டு பக்கமும் எங்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. போர்நிறுத்தம் இருந்த வருஷங்களில் அக்காவின் ஒரே மகனுக்குக் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வேலை கிடைத்தது. கிராமங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுகிற வேலை. அக்காவுக்கு விருப்பமில்லை. போகட்டும், தாத்தாவின் மண்ணைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று சொன்னவன் நான். அந்த மண்ணை நான் வாழ்க்கையில் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். இரண்டு தரமும் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் மூன்றாம் நாள் பஸ் ஏறியிருக்கிறேன். பேச்சுக்கு அதெல்லாம் தடையாக இருக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மறுபடி சண்டை தொடங்கி, வடக்குக்குப் போகிற பாதையை மூடினார்கள். அவன் உள்ளே மாட்டிக்கொண்டான். கொஞ்ச நாள் தொலைபேசி, பிறகு ஒரே ஒரு கடிதம், பிறகு ஒன்றுமில்லை. அத்தான் இறந்ததிலிருந்து அக்கா எங்களோடுதான் இருந்தாள், நடு அறையில். அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு வானொலி. மகன் இருக்கிறானா இல்லையா என்ற ஒரு கேள்வியைத் தவிர அவளிடம் அப்போது வேறு எதுவும் இருக்கவில்லை.

வானொலி நான்கு பேட்டரி போடுகிற பழைய சிற்றலைப் பெட்டி. சனிக்கிழமை அந்திக்கு வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பு ஒன்றில் கால் மணி நேரம், பிரிந்திருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்திகளை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னார் சுகம், இந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார், கவலைப்பட வேண்டாம். எப்போதாவது பேசியவரின் குரலையே போடுவார்கள். எங்கள் ஊர் ரிவர்ஸ்டன் மலைக்கு அடியில் பள்ளத்தில் கிடப்பதால் சிற்றலை எங்களிடம் ஒழுங்காக வந்ததே இல்லை. பாதி வார்த்தை, பாதி வாணலியில் எண்ணெய் காய்கிற சத்தம். அக்கா அந்தக் கால் மணி நேரத்தை மூச்சுவிடாமல் கேட்பாள். முடிந்த பிறகும் நிறுத்தமாட்டாள். முள்ளை இரண்டு நிலையங்களுக்கு நடுவே வெறும் இரைச்சலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். முதலில் சனிக்கிழமை மட்டும். பிறகு எல்லா நாளும், பகல் சாப்பாட்டிலிருந்தே.

ஒருநாள் அந்தியில் என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அவன் இருமுறான்."

மருமகனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் பேசத் தொடங்குமுன் தொண்டையைச் செருமுவான். சிறிதாக இரண்டு, பெரிதாக ஒன்று. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். பாடசாலை மேடையில், பெண் பார்க்கப் போன வீட்டில், தொலைபேசியில், எங்கும் முதலில் அந்த இரண்டும் ஒன்றும், அதற்குப் பிறகுதான் ஆள். நான் அக்காவுக்கு வானத்தின் மேலடுக்கில் அலைகள் மோதித் திரும்புவது பற்றி ஒரு நீண்ட விளக்கம் கொடுத்தேன். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. வாசலில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணி சாப்பிடல, அதுக்கு ஏதாச்சும் விளக்கம் இருந்தா சொல்லுங்க" என்று போனாள்.

அந்த வாரம் அக்கா குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய அறைக்குள் நுழைந்து பெட்டியைக் காதில் வைத்தேன். எண்ணெய் காய்ந்தது. வெகுநேரம் காய்ந்தது. பிறகு, வெகு தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் போல, சிறிதாக இரண்டு. பெரிதாக ஒன்று.

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அடுத்த விடுமுறை நாளில் கண்டிக்குப் போய் டிஜிட்டல் வானொலி வாங்கி வந்தேன்.

அது அந்த நாட்களில் புதுசு. வானத்தில் நிற்கிற செயற்கைக்கோள், அதாவது செய்மதியிலிருந்து நேரே இறங்குகிற ஒலிபரப்பு. சாப்பாட்டுப் பீங்கான் அளவில் ஒரு தட்டையான சதுரத் தட்டை வானத்தைப் பார்த்து வைத்தால், உலகத்தில் எந்தப் பள்ளத்தில் கிடந்தாலும் பளிங்கு மாதிரிக் கேட்கும் என்றார் கடைக்காரர். அக்காவுக்கு வேண்டிய அந்த ஒலிபரப்பும் அதில் இருந்தது. வீட்டில் நான் சொன்ன காரணம், ஒரு வார்த்தைகூடத் தவறாமல் கேட்கலாம் என்பது. உண்மைக் காரணம், இரைச்சல் இல்லாத பெட்டியில் இருமல் இருக்க முடியாது என்பது.

செய்மதி எங்களுக்குக் கிழக்கே, ரிவர்ஸ்டனுக்கு மேலே உயரத்தில் நின்றது. கந்தோரிலிருந்து திசைகாட்டி கொண்டுவந்து வீட்டு வளவு முழுவதும் அலைந்தேன். கிழக்கு வானம் எங்கும் பலாவும் கராம்பும் மிளகுக் கொடி ஏறிய முள்முருங்கையும். ஈர இலை இந்த அலையை அப்படியே குடித்துவிடும். கடைசியில் தட்டுக்கு வானம் முழுசாகத் தெரிந்த ஒரே இடம் வாசல் படலைக்குப் பக்கத்துப் பிள்ளையார் மாடத்தின் கூரை. பிள்ளையார் கிழக்கே பார்த்திருக்கிறவர். அவர் முன்னால் மரம் வைக்க யாரும் துணியவில்லை. தட்டை அங்கே பொருத்தி ஜன்னல் வழியாகக் கம்பி இழுத்தேன். பெட்டியின் சின்னக் கண்ணாடியில் ஐந்து கோடு விழுந்தது. ஐந்து என்றால் முழு அலை. பழைய பெட்டியை அன்றைக்கே என் பைக்குள் வைத்துவிட்டேன்.

அக்கா புதியதைக் கேட்டாள். நன்றாக இருக்கிறது, பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள். கால் மணி நேரச் செய்தி முடிந்ததும் பொத்தானை அழுத்தினாள். பாட்டு வந்தது. மறுபடி அழுத்தினாள். இங்கிலீஷ் செய்தி வந்தது.

"ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல போறது எப்படி தம்பி?"

"நடுவுல ஒண்ணும் இல்ல அக்கா. இதுல அப்படி இடமே கிடையாது."

அவள் பெட்டியை நிறுத்தினாள். பிறகு, பழைய பெட்டி ரிப்பேர் எப்போது முடியும் என்று கேட்டாள்.

தட்டு போட்டு ஒரு மாதம் ஆகவில்லை, பொலிஸ் வந்தது. அது அப்படிப்பட்ட காலம். தமிழ் வீட்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சாமான் நின்றால் யாராவது போய்ச் சொல்லத்தான் செய்வார்கள். ஒரு சார்ஜனும் இரண்டு பேரும் படலையில் நின்றார்கள். நான் பெட்டியோடு வந்த கைநூலை எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும்; பயந்தால் இலக்கணமும் சேர்ந்து வரும். சார்ஜன் என்னைக் கவனிக்கவில்லை. மாடத்தைப் பார்த்தார், உள்ளே இருந்தவரைப் பார்த்தார், பிள்ளையாருக்குச் சிங்களத்தில் உள்ள பெயரைச் சொல்லி, கணதெய்யோவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டார். நிமிர்ந்தபோது அவருடைய கண் நேரே மேலே இருந்த தட்டில் விழுந்தது. அதையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு கைநூலை வாங்கி இரண்டு பக்கம் புரட்டி, பெட்டியைப் போட்டுக் காட்டச் சொல்லி, கிரிக்கெட் வருமா என்று விசாரித்துவிட்டு, என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போனார்.

இதை மேல் லயத்துப் பெண்கள், மேலே தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பு வரிசையில் இருக்கிறவர்கள், பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் எங்கள் மாடத்தில் ஒரு நிமிஷம் நின்று போவது அவர்கள் வழக்கம். அந்த வருஷங்களில் பொலிஸ் ஒரு தமிழ் வீட்டுக்கு வந்தால் யாரையாவது ஜீப்பில் ஏற்றாமல் போவது அபூர்வம். இங்கே வந்த பொலிஸ் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறும் கையோடு போயிருக்கிறது. அதைச் செய்தது பிள்ளையாராக இருக்க முடியாது; அவர் பல வருஷமாக அங்கேதான் இருக்கிறார், அவருடைய கொள்ளளவு அவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தது தட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை தட்டுக்கு ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. அதற்கடுத்த வெள்ளி செவ்வரத்தம்பூ. நான் மறுப்புச் சொல்லவில்லை. பூவாலும் குங்குமத்தாலும் கோடு குறையவில்லை என்று கண்ணாடியைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அவர்களில் இரண்டு பேருடைய பையன்கள் கொழும்பில் பிடிபட்டு எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் இருந்தது. அதை நான் பிறகுதான் அறிந்தேன். கேட்டிருந்தால் முன்பே அறிந்திருப்பேன்.

கந்தோரில் வேறு கதை நடந்தது. ஒரு மத்தியானம் எங்கள் பியோன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சிங்களவர், வயதானவர், என்னோடு மட்டும் தமிழ் பேசிப் பழகுகிறவர்.

"சேர், அந்தப் படம் வைக்கிற அலுமாரியில யாரோ ஆள் இருக்கு. இருமுது."

எலியாக இருக்கும் என்றேன். எலி இப்படி இருமுமா என்று கேட்டுவிட்டு அவர் செய்து காட்டினார். சிறிதாக இரண்டு. பெரிதாக ஒன்று.

எல்லோரும் சாப்பிடப் போனபின் அலுமாரியைத் திறந்தேன். பெட்டி படச்சுருள்களுக்குப் பின்னால் வைத்த மாதிரியே இருந்தது. திருகு முழுக்க அணைந்த பக்கம்தான் இருந்தது. காதை வைத்தேன், எதுவும் கேட்கவில்லை. ஈரக் காலத்தில் பழைய சுவிட்சு தானாக ஒட்டிக்கொண்டு பெட்டியைப் போட்டுவிடும், அதுதான் விஷயம் என்று எனக்கு நானே விளக்கினேன். நான்கு பேட்டரியையும் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். அடுத்த கிழமை பியோன் மறுபடி வந்தார். இப்போதும் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் மெலிந்துவிட்டது, பாவம் என்றார். அவரை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டச் சொன்னேன். அதன்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அலுமாரியைக் கடந்து போகும்போது, ஆள் படுத்திருக்கிற அறையைக் கடக்கிற மாதிரி, பாதத்தை மெதுவாக வைத்துப் போவார். நானும் அப்படித்தான் போனேன் என்பதை ஒரு நாள் தரையில் என் சப்பாத்துச் சத்தம் கேட்காததிலிருந்து கண்டுபிடித்தேன்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்து, வடக்கிலிருந்து வந்த செய்திகள் ஒவ்வொரு நாளும் முந்தின நாளை விட மோசமாகிக்கொண்டிருந்தன. டிஜிட்டல் பெட்டி அவற்றை ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னது. முன்பு இரைச்சல் பாதியை விழுங்கிவிடும். இப்போது நடு அறையில் ஒவ்வொரு ஊரின் பெயரும் தெளிவாக வந்து உட்கார்ந்தது. அக்கா கதிரையின் கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டாள். சனிக்கிழமைக் கால் மணி நேரம் நீண்டு அரை மணி நேரமாகியிருந்தது.

அப்படி ஒரு சனிக்கிழமை. மழை இல்லை, மலையில் பனிமூட்டம் மட்டும். மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஐந்து கோடு. அறிவிப்பாளர் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். அடுத்ததாக, "மாத்தளை, இரத்தோட்டையில் இருக்கும் அம்மாவுக்கு" என்றார்.

அதோடு நின்றது.

பழைய பெட்டி என்றால் கரகரக்கும், தேயும், மலைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பும், நாலு வார்த்தையில் ஒன்றாவது தப்பி வரும். டிஜிட்டல் அப்படி இல்லை. இருந்தால் முழுக்க இருக்கும், இல்லையென்றால் அடியோடு இருக்காது. கோடு எல்லாம் விழுந்து கண்ணாடி வெறுமையாக இருந்தது. அப்படி ஒரு நிசப்தத்தை அந்த வீட்டில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. அது யாரோ வாயைப் பொத்திய மாதிரி இருந்தது.

நான் வெளியே ஓடினேன். மாடத்துக்கு முன்னால் மேல் லயத்துப் பெண் ஒருத்தி, கூப்பிய கையோடு கண்ணை மூடி நின்றாள். தட்டின் மேல் வெள்ளி மினுக்குத் தாளில் செய்த குடை ஒன்று, அதைச் சுற்றி அதே தாளில் தடித்த மாலை. தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்ததாம். மகன் உயிரோடு இருப்பதாகப் பொலிஸிலிருந்து அன்றைக்குத்தான் கடிதம் வந்ததாம், நேர்த்திக்கடனாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரம் நான் ஒன்றும் கேட்கவில்லை. குடையையும் மாலையையும் அவள் கண்ணெதிரிலேயே பிய்த்து எறிந்தேன். உள்ளே ஓடி வந்தபோது ஐந்து கோடும் இருந்தது. பெட்டியில் வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்துவிட்டிருந்தது.

அக்கா அழவில்லை. என்னைப் பார்த்து வெகு சாதாரணமாகக் கேட்டாள்.

"என் பெட்டி உங்க ஆபீஸ்லதானே இருக்கு?"

எப்படித் தெரியும் என்பதையும் அவளே சொன்னாள். பியோன் ஒரு நாள் சந்தையில் கண்டு சொன்னாராம், ஐயா அலுமாரியில் ஒரு வானொலிப் பெட்டிக்குள் யாரையோ பூட்டி வைத்திருக்கிறார், அம்மா கேட்டால் விடுவார் என்று. அது மூன்று மாதத்துக்கு முன்பு. மூன்று மாதமாக என் ரிப்பேர்காரரின் மாமனாருக்காக அவள் அனுதாபப்பட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். நான் லாச்சியிலிருந்து கொண்டுவந்த பேட்டரிகளைப் போட்டாள். முள்ளை நடுவே கொண்டுபோனாள். எண்ணெய் காய்ந்தது. நான் அறையைவிட்டு வெளியே வந்து, பலா மரத்துக்குக் கீழே நின்றேன்.

அந்தச் செய்தியை யார் அனுப்பினார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒலிபரப்புக்கு எழுதினேன். பதில் இல்லை. அக்கா அடுத்து வந்த மாதங்களை அந்த அரை வாக்கியத்தை வைத்துக்கொண்டு கடத்தினாள். அம்மாவுக்கு என்று ஒருவன் சொன்னால் அவன் இருக்கிறான் என்றுதானே அர்த்தம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிடத் தொடங்கினாள்.

போர் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு, வவுனியா அகதி முகாம்களுக்குப் போய் வந்த கத்தோலிக்கப் பாதர் ஒருவர் மருமகனின் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்தார். அந்த வருஷக் கடைசியில் அவனே வந்தான். படலையில் நின்றவனை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. மெலிந்திருந்தது காரணமல்ல. "மாமா" என்று நேரடியாகக் கூப்பிட்டான், முன்னால் ஒன்றும் இல்லாமல். அதன்பிறகும் அப்படித்தான். தொண்டையைச் செருமுவதே இல்லை. எதையோ பேசும்போது ஒருமுறை சொன்னான்: போரின் கடைசி நாட்களில், விடியுமுன் கடனீரேரிக்குள் இறங்கி இராணுவம் நின்ற இந்தப் பக்கம் நடந்து வந்தபோது, யாரும் இருமக்கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். கைக்குழந்தைகள்கூட இருமவில்லையாம்.

வானொலிக்கு நீதானே செய்தி அனுப்பினாய் என்று கேட்டேன். இல்லை என்றான். கடைசி ஒரு வருஷம் எந்தத் தொலைபேசிக்கும் கிட்டவே போக முடியவில்லை என்றான். அப்படியானால் அது யாருக்கு? இரத்தோட்டையில் எத்தனையோ அம்மாக்கள். நாங்கள் மட்டும் தவறவிட்டோமா, அல்லது மலைக்கு அடியில் இருந்த எல்லோருமே தவறவிட்டார்களா, தெரியாது.

அவன் வந்து இரண்டு கிழமை இருக்கும். அந்தியில் நடு அறையைக் கடந்து போனேன். அவன் கட்டிலில் நல்ல தூக்கத்தில் இருந்தான். அக்கா பக்கத்துக் கதிரையில், பழைய பெட்டியைக் காதில் வைத்தபடி. முள் நடுவில் இருந்தது. நான் வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

சிறிதாக இரண்டு. பெரிதாக ஒன்று.

நான் கட்டிலைப் பார்த்தேன். அவன் அசையவில்லை.

"அதுதான் உங்க பிள்ளை வந்துட்டானே அக்கா. பிறகு ஏன் கேக்குறீங்க?"

"இது என் பிள்ளை இல்லன்னு இப்பதானே தெரியுது," என்றாள். "யாரோட பிள்ளையோ. நானும் மூடி வச்சிட்டா அவனை யாரு கேக்குறது?"

டிஜிட்டல் ஒலிபரப்பு அந்த மாதத்தோடு எங்களுக்கு நின்றுபோனது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தட்டு மட்டும் மாடத்தின் மேல் இருந்தது; கழற்றினால் மேல் லயம் என்னை விடாது. பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் மருமகனிடம் கொடுத்து, உனக்கு இதெல்லாம் தெரியுமே, பழுது என்னவென்று பார் என்றேன். அவன் முற்றத்தில் உட்கார்ந்து மூடியைக் கழற்றி, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்து, திரும்பப் பூட்டிப் பொத்தானை அழுத்தினான். கண்ணாடியில் வெளிச்சம் வந்தது.

"இது நல்லா வேலை செய்யுது மாமா," என்றான். "ஒண்ணும் கேக்கல, அவ்வளவுதான்."